வெண்ணெய்ச் சுருள் கடையின் ஒரு பக்க வரலாறு

பிப்ரவரி 2

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கவரைத் தூக்கிப் போட்டுவிடாதே. முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு. ஒன்பது வருஷம் பேசாமல் இருந்தாயிற்று, இன்னும் பத்து நிமிஷத்தில் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

கடைப் பெயரை விற்கும் பத்திரத்தில் நீ கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாயாம், பெயரை வாங்கும் காப்பிக்கடைக் கம்பெனியின் மேனேஜர் சொன்னார். அப்பா கடையை நம் இருவருக்கும் பொதுவாக எழுதி வைத்ததால் என் கையெழுத்தும் வேண்டும். இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி கெடு. பேனாவை எடுக்கிறேன், திரும்ப வைக்கிறேன். உன் அத்தான், "குடுத்துட்டு நிம்மதியா இரேன்" என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. ஆனால் விற்க மாட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லவும் முடியவில்லை. கடைக்கு எழுபத்தைந்து வருஷப் பெயர் பாதி காப்பியால் வந்தது, பாதி அடுக்கடுக்காக மடித்துச் சுடும் வெண்ணெய்ச் சுருளால் வந்தது. காப்பி அதே காப்பிதான். சுருளைத்தான் பாதி தின்றுவிட்டுத் தட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள். தட்டைக் கழுவுகிறவள் நான், எனக்குத் தெரியாதா?

விஷயத்துக்கு வருகிறேன். கடையின் வரலாறு ஒரு பக்கம் வேண்டுமாம். கண்ணாடி போட்டு அவர்களுடைய கிளைகளில் எல்லாம் மாட்டப் போகிறார்களாம். நான் முன்பக்கம் மேசைகளோடு வளர்ந்தவள், நீ உள்ளே அடுப்போடு வளர்ந்தவன். நினைவிருப்பதை எழுதி அனுப்பு. உன்னை வரச் சொல்லவில்லை, பயப்படாதே.

உன் மேல் கோபம் பாதி குறைந்துவிட்ட
அக்கா


பிப்ரவரி 6

அக்கா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் கேட்ட விவரம்:

தாத்தா காப்பிக்கொட்டை வறுத்து விற்றார். ஒட்டினாற்போல் பக்கத்தில் ஒரு ரொட்டிக் கடை. அந்தக் கடைக்காரர் மகளைத் தாத்தா கல்யாணம் செய்துகொண்டார். நடுச்சுவரை இடித்தார்கள், இரண்டு கடையும் ஒன்றானது. அப்பா காலத்தில் மேசை நாற்காலி போட்டார்கள். சுருளுக்காக வெளியூரிலிருந்து கூட ஆட்கள் வந்தார்கள். பிறகு சுருள் கெட்டது. வெண்ணெயைக் குறைத்தால் சுருள் என்ன செய்யும், பாவம்?

ஒரு பக்கத்துக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
தம்பி


பிப்ரவரி 9

அன்புள்ள தம்பி அவர்களுக்கு,

நகராட்சிக்கு மனு எழுதுவது மாதிரி எழுதியிருக்கிறாய். மூக்கைச் சிந்திவிட்டு வளர்த்தவளுக்கு இந்த "தாங்கள்" தேவைதான்.

வெண்ணெயில் ஒரு கிராம் நான் குறைத்ததில்லை. அடித்துச் சொல்வேன். நீதான் வெளியூர் வேலையில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு மாவை மடித்தாய், அடுக்கு ஒட்டிக்கொண்டது. அன்றைக்கும் இதைத்தான் சொன்னேன், நீயும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாய். போகட்டும்.

எதிர்க்கடைக் கடிகார ரிப்பேர்க்காரரை உனக்கு மறந்திருக்காது. முப்பது வருஷமாகக் காலையில் ஒரு காப்பி, இரண்டு சுருள். இப்போது காப்பி மட்டும்தான். போன வாரம் மனசு கேட்காமல், "ஒரே ஒரு சுருள் கொண்டு வரட்டுமா?" என்று கேட்டேன். "வேண்டாம்மா, பழைய சுருளை நினைச்சுக்கிட்டே காப்பியைக் குடிச்சுடறேன்" என்றார். உள்ளே போய் அழுதேன். கம்பெனிக்காரர்கள் நம் செய்முறையை வாங்கிப் போய்ச் செய்து பார்த்தார்களாம். மேனேஜர் சந்தோஷமாக, "அப்படியே உங்க சுருள் மாதிரி வந்துடுச்சு மேடம்" என்கிறார். அதற்கும் வந்து அழுதேன்.

உன் வரலாறு பல்லி வால் அளவுதான் இருக்கிறது. எந்தப் பாத்திரம் எந்த மூலையில் இருந்தது என்பது வரைக்கும் எழுது. மேனேஜர் படிக்காவிட்டால் போகட்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்தப் பழைய கடைக்குள் நான் ஒரு தடவை போய்வர வேண்டும்.

அக்கா


பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

கோபத்தோடுதான் எழுத உட்கார்ந்தேன். நாலு வரி எழுதுவதற்குள் அது எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

இரண்டு கடைக்கும் நடுவில் ஜன்னலே இல்லாத காப்பிக்கொட்டை அறை. கடையிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான். சாயங்காலம் வறுத்த கொட்டையைச் சூடு ஆறுவதற்காக அங்கே பரப்பி வைப்பார்கள். நடுவில் கல்தொட்டி, தொட்டித் தண்ணீரில் வெண்ணெய்ப் பானை, பானை வாயில் ஈரத்துணி. விடிந்ததும் பானையை எடுத்துவர நான் உள்ளே போவேன், நீ வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுச் சிரிப்பாய். பள்ளிக்கூடத்தில் வாத்தியார், "ஏண்டா, நீ காப்பி குடிச்சியா, காப்பியில குளிச்சியா?" என்று கேட்பார்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். இங்கே ஹோட்டலில் மாவு வேலை முழுக்க என் பொறுப்பு. உயர்ந்த வெண்ணெய், அளவு குறையாமல், என் கையால், எங்கும் கண் வைக்காமல் மடித்துப் பார்த்தேன். வரவில்லை அக்கா. ஒன்பது வருஷமாக வரவில்லை. அப்படியென்றால் நீ வெண்ணெயைக் குறைக்கவில்லை. முதல் வருஷமே இது எனக்குப் புரிந்துவிட்டது. எழுத வெட்கம், அதனால்தான் போன கடிதத்திலும் வீம்புக்கு வெண்ணெய் என்று குத்தினேன். அந்தக் கடை நினைவு வரக்கூடாது என்றுதான் பத்திரத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

வரலாற்றில் எனக்கும் ஒரு வரி கொடு. பெரிய ஃபிரிட்ஜ் வாங்கிப் போட்டவன் நான். அப்பா கண் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் படுத்திருந்த வாரம், தடுக்க ஆளில்லை என்று சொல்லாமல் கொள்ளாமல் கொண்டுவந்து இறக்கினேன். ஒற்றைக் கண்ணில் கட்டோடு வீடு வந்தவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அன்றோடு பானையையும் ஈரத்துணியையும் ஒழித்துக் கட்டினேன். அந்தக் கடைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

உன் தம்பி


பிப்ரவரி 21

அடேய் தம்பி,

உன் நல்ல காரியத்தில் இடி விழ!

கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன், ஃபிரிட்ஜ் வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். அப்பா கண்கட்டோடு வந்த அதே வாரம்தான் கடிகாரக்காரர் முதல் முதலாகத் தட்டைத் தள்ளி வைத்தார். "ஏம்மா, ஆபரேஷன் அப்பா கண்ணுக்கா, சுருளுக்கா?" என்று கேட்டார். அந்தக் கிண்டலுக்காக நான் அவரோடு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை, அதனால் நன்றாக நினைவிருக்கிறது. வெண்ணெய்ப் பக்கத்தில் வெங்காயத்தை வைத்தாலே அம்மா கரண்டியைத் தூக்கிக்கொண்டு வருவாள். அது பக்கத்திலிருக்கும் வாசனையை எல்லாம் உறிஞ்சிவிடும் என்று நமக்குத் தெரியாதா? ஐம்பது அறுபது வருஷம் இரவெல்லாம் காப்பி வாசனையைக் குடித்த வெண்ணெயைப் பிடித்துக் குளிர்ப்பெட்டிக்குள் பூட்டிவிட்டு, நீ என்னைத் திருடி என்றாய், நான் உன்னைக் கவனமில்லாதவன் என்றேன்.

கல்தொட்டியைத் தேய்த்துக் கழுவினேன். பானை பரணில் கிடந்தது. கொட்டை வறுத்த சாயங்காலம் வெண்ணெயை உள்ளே வைத்தேன். மறுநாள் சுருள் வேகும்போதே உன் அத்தான் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஓடி வந்து, "என்னடி இது?" என்றார். கடிகாரக்காரருக்குக் கேட்காமலேயே இரண்டு கொண்டுபோய் வைத்தேன். ஒரு வாய் கடித்தார். இரண்டையும் தின்றார், தட்டில் உதிர்ந்ததையும் விரலால் ஒற்றி எடுத்தார். கடைசியில், "நாளைக்கும் இருக்குமாம்மா?" என்றார். இருக்கும் என்று சொல்லிவிட்டு அன்றைக்கே பானையில் புது வெண்ணெய் நிரப்பினேன். நேற்று தெருவே வந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நீ போன பிறகு மாவை மடித்தது நான்தான். என் கைக்கும் வரவில்லை. அப்போதே உன் கையில் குற்றமில்லை என்று எழுதியிருக்கலாம். வீம்பு. மன்னித்துவிடு. ஃபிரிட்ஜை மன்னிக்க மட்டும் இன்னும் இரண்டு நாள் கொடு.

நாளை மறுநாள் காலை பஸ்ஸில் பத்துச் சுருள் அனுப்புகிறேன், கண்டக்டரிடம் வாங்கிக்கொள்.

குதித்துக்கொண்டிருக்கும்
அக்கா


பிப்ரவரி 23

அன்புள்ள அக்கா,

அறைக்குக் கொண்டுபோகப் பொறுமையில்லை. பஸ் ஸ்டாண்டிலேயே பிரித்துத் தின்றேன். கண்டக்டர், "வீட்டுல யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா சார்? ஏன் அழறீங்க?" என்று பதறிவிட்டார். "எங்க கடைச் சுருள்" என்று ஒன்றை அவர் கையில் கொடுத்தேன். பஸ் ஐந்து நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது. ஏழு நான் தின்றேன், இரண்டைத் தலைமைச் சமையல்காரருக்குக் கொடுத்தேன். அவர் இன்னும் என்னை வேறு மாதிரிப் பார்க்கிறார்.

என் கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாகக் கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் எழுதிவிட்டேன். ஆனால் ஒன்பது வருஷம் அந்தக் கடையைச் சுமந்தவள் நீ. களைத்துப் போயிருந்தால் விற்றுவிடு, நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன். உன்னைத் திருடி என்று சொன்ன வாய் இது.

விற்கவில்லை என்றால், நான் வரலாமா?

தம்பி


பிப்ரவரி 28

அன்புள்ள தம்பிக்கு,

உன் பதிவுத் தபாலைப் பார்த்தும் நம்பிக்கையை விடாமல் மேனேஜர் பத்திரமும் பேனாவுமாக இன்று காலை வந்தார். முதலில் சாப்பிடச் சொன்னேன். ஒன்று தின்றார், இன்னொன்று கேட்டார், அப்புறம் முகம் மாறிவிட்டது.

"மேடம், நீங்க குடுத்த செய்முறையில இது இல்லையே?"

"எல்லாமே இருக்குதுங்க. ஒரு எழுத்துகூட விடல."

அது சத்தியம். வெண்ணெய் ராத்திரி எந்த அறையில் தூங்குகிறது என்று செய்முறையில் யார் எழுதுவார்கள்? பத்திரத்தைக் கையெழுத்தில்லாமல் மடித்து அவர் கையிலேயே கொடுத்தேன். நல்ல மனிதர். போகும்போது வீட்டுக்கு ஆறு சுருள் கட்டி வாங்கிக்கொண்டு போனார்.

வரலாற்றை எழுதி நம் கடையிலேயே மாட்டிவிட்டேன். அக்காவும் தம்பியும் கடையின் உயிரை ஃபிரிட்ஜுக்குள் பூட்டிவிட்டு ஒன்பது வருஷம் சண்டை போட்டார்கள் என்பதையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன். "இந்த மானக்கேட்டை எல்லாம் சுவத்துல மாட்டணுமா?" என்கிறார் உன் அத்தான். படிப்பவர்கள் சிரிக்கிறார்கள், சிரித்துவிட்டு இன்னொன்று கேட்கிறார்கள். ஃபிரிட்ஜ் இருக்கிறது, பால் வைக்கிறேன். அதையும் மன்னித்தாயிற்று.

வரலாமா என்று கேட்டிருக்கிறாய். இன்று எட்டரை மணிக்கே சுருள் தீர்ந்து முப்பது பேரைத் திருப்பி அனுப்பினேன். எனக்கு இருப்பது இரண்டு கைதான். சீக்கிரம் வா.

அக்கா