உன் அப்பா சார்ஜென்ட் ஆன கதை

என் கண்ணுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், முழுப் பொய் கைக்கு வராததால் முக்கால் பங்கு நலம் என்று வைத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் முழுசாக நலமாக இருக்க வேண்டும். போன வாரம் ஃபோனில் நீ இரண்டு முறை இருமினாய், அதிலிருந்து உனக்கு ஸ்வெட்டர் அனுப்ப வேண்டும் என்று உன் அப்பா என் உயிரை வாங்குகிறார், அங்கே கடையே இல்லாத மாதிரி. இந்த விஷயத்தையும் ஃபோனிலேயே சொல்லலாம், ஆனால் நான் பேசினால் அவர் பக்கத்தில் வந்து நின்று ஒவ்வொரு வார்த்தைக்கும் அளவெடுப்பார், தையல்காரர் இல்லையா. அதனால் கூரியரில் போடுகிறேன்.

செய்தி என்னவென்றால், உன் அப்பா ராணுவத்தில் சேர்ந்துவிட்டார். அறுபத்து நான்கு வயதில், நேராக சார்ஜென்டாக. நான் இருபத்திரண்டு வருஷம் ராணுவ லாரி ஓட்டி முழங்கால் தேய்ந்து வாங்கிய பதவியை அவர் ஒரே காலையில் வாங்கிவிட்டார். என் முழங்கால் ஆபரேஷனுக்கு முன்னால் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்று நம் ஊர்க் கிளினிக்கில் எழுதிக் கொடுத்தார்கள், அதற்கு முன்னாள் படைவீரர்களுக்கான பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். செவ்வாய்க்கிழமை அந்த மருத்துவமனை வேன் ஐந்து ஊர் சுற்றி எங்களையெல்லாம் பொறுக்கிக்கொண்டு போகும். உன் அப்பா துணைக்கு வந்தார், இஸ்திரி போட்ட சட்டை, பளபளக்கிற ஷூ, நிமிர்ந்த நடை. நானோ சாயம் போன உடுப்பில் கோலை ஊன்றி நொண்டிக்கொண்டு. ஃபைலை அவர் மடியில் வைத்துவிட்டு நான் கழிப்பறைக்குப் போன நேரத்தில் நர்ஸ் வெளியே வந்து சார்ஜென்ட் யார் என்று கேட்டிருக்கிறாள், ஃபைலையும் ஷூவையும் பார்த்திருக்கிறாள், 'வாங்க சார்' என்று கையைப் பிடித்து அழைத்துப் போய்விட்டாள். மரியாதையாகக் கூப்பிட்டால் உன் அப்பா கிணற்றுக்குள்ளும் இறங்குவார், உனக்குத் தெரியாததா. நான் வந்து தேடினால் மனிதர் கட்டிலில் சட்டையில்லாமல் மார்பெல்லாம் ஒயர் ஒட்டிப் படுத்திருக்கிறார். என்னங்க இது என்றேன். 'அவங்க கேட்டாங்க, நான் எப்படி மாட்டேன்னு சொல்றது' என்கிறார். அந்த ஃபைல் அவர்களுடைய ஆறு மருத்துவமனைக் கம்ப்யூட்டரிலும் ஒன்றுதான், ஆகவே ஆறு இடத்திலும் இப்போது என் நெஞ்சுக்குள் துடிப்பது உன் அப்பாவின் இதயம். திருத்தச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், அந்த நர்ஸ் சிரிக்கவில்லை. காகிதத்தைப் பார்த்தாள், இன்னொரு முறை எடுத்தாள், டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். நிமிஷத்துக்கு முப்பத்தெட்டு துடிப்புதானாம். தலை சுற்றுமா என்று கேட்டதற்கு உன் அப்பா இல்லவே இல்லை என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கொஞ்ச நாளாக மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து செருப்பு வாரைச் சரிசெய்கிறேன் என்பார், அந்தச் செருப்புக்கு வாரே கிடையாது. பேஸ்மேக்கர் வைக்க வேண்டும், தள்ளிப்போட்டால் எந்த நேரமும் மயங்கி விழலாம், எழாமலும் போகலாம் என்று டாக்டரம்மா என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

அங்கேயே வைப்பார்கள், ஆனால் அவர் என்னைச் சார்ந்து வாழ்பவர் என்று கையெழுத்துப் போட்டு வாங்கும் சார்ந்தோர் அட்டை வேண்டும். அதுதான் பதினோரு வருஷத்துச் சண்டை என்று உனக்குத் தெரியும். கவுன்டரில் படிவத்தை நீட்டியதும் மறுபடி ஆரம்பித்தார், 'நான் மெஷினை மிதிச்சுச் சாப்பிடறவன், யாரையும் சார்ந்தவன் இல்ல' என்று. எங்கள் வேனில் வரும் ஒற்றைக்கைக்காரர் ஒருவர் உண்டு, குரலுக்காக பீரங்கி என்று பெயர். அவர் கூடமே அதிர, 'அட்டை என் பொண்டாட்டிகிட்டதான் இருக்கு, தினமும் எனக்குச் சட்டைப் பொத்தான் போட்டு விடறதும் அவதான், இதுல யாரு யாரைச் சார்ந்தவங்கன்னு நீங்களே சொல்லுங்க சார்ஜென்ட்' என்றார். எல்லோரும் சிரித்தார்கள், உன் அப்பாவும் சிரித்தார், படிவத்தை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வேனில் ஏறிவிட்டார். வழியெல்லாம் திட்டலாம் என்றுதான் நானும் ஏறினேன். ஆனால் பாதி வழியில், எனக்குப் பயமா இருக்குங்க என்றேன். கண்ணிவெடி புதைத்த சாலையில் வண்டி ஓட்டிய காலத்தில்கூட நான் இதை அவரிடம் சொன்னதில்லை, கடிதத்தில் எழுதியதுமில்லை. அவர் பையிலிருந்து படிவத்தை எடுத்து மடியில் விரித்து, பேனா இருக்கா என்று கேட்டார். வேன் குலுங்கியதில் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி விழுந்தது, ஆனாலும் ஏற்றுக்கொண்டார்கள். அட்டை நேற்று வந்தது. அதில் உள்ள படத்தில் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கிறார், பதவி போனது இன்னும் தெரியாது போலிருக்கிறது.

வரும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆபரேஷன், ஒன்றரை மணி நேர வேலை என்கிறார்கள். எனக்கு வெளியே உட்காரத் தெரியாது கண்ணு. நான் எப்போதும் கிளம்பிப் போகிறவள், உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றவர் அவர். அத்தனை வருஷம் எப்படிங்க காத்திருந்தீங்க என்று இன்று காலையில் கேட்டேன். 'கையில வேலை வெச்சுக்கணும், கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்' என்று சொல்லி, உனக்காகத் தைத்து வைத்திருந்த நீலச் சட்டையையும் ஊசி நூலையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். ஓரத்தை மட்டும் மடித்துத் தைத்தால் போதுமாம். நான் ஊசி பிடிக்கும் லட்சணம் அவருக்குத் தெரியும், தெரிந்தேதான் கொடுத்திருக்கிறார்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், சண்டை போட்டாலும் சாப்பாட்டு நேரத்துக்குள் சமாதானமாகி, நிறைய நாள் வாழ வேண்டும். வியாழக்கிழமை ஃபோனைக் கையில் வைத்திரு. அட்டையைப் பற்றி அவரைக் கிண்டல் செய்யாதே, அது என் பங்கு. லீவு கிடைக்குமா என்று கேட்டு ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன், எப்படியும் அதை வெளிச்சத்தில் பிடித்துப் படித்திருப்பாய். சட்டை வந்து சேர்ந்ததும் ஓரத்தைப் பார். தையல் கோணலாக இருந்தால் பிரித்துத் தைக்காதே, அவர் உள்ளே இருந்தபோது நான் போட்டது அது.

உன் அம்மா