மண்டியிட்டது நினைவோடுதான்

வத்தளை
2 ஜூன் 2025

அன்பு மகள் ஷிரோமிக்கு,

மாதாவின் தயவால் இங்கே எனக்குச் சுகம், சர்க்கரையும் முழங்காலும் வழக்கம்போல. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் அங்கே ஜூன் மாதத்துக் குளிருக்கு நன்றாகப் போர்த்திக்கொண்டு சுகமாயிருக்க வேண்டும். முதலில் ஒன்றைத் திருத்திவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன். எனக்கு மறதி நோய் வரவில்லை. ஆள் அடையாளம் தெரியாமல் யாரோ ஒருத்தியின் காலில் நான் விழுந்தேன் என்று மார்சலின் அத்தை உனக்குத் தொலைபேசியில் சொன்னது பொய். விழுந்தது மெய்தான், ஆள் தெரிந்துதான் விழுந்தேன். நீ அடுத்த நிமிடமே அழைத்து, "அம்மா, இன்னைக்கு என்ன கிழமைன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டாயே, அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நடந்தது இது. நான் வரைபடம் போட்ட பழைய ஆபீசில் நிலூகாவுக்கு ஐம்பத்தைந்து வயதாகி ஓய்வு விருந்து. இருக்கிறவர்களில் மூத்தவள் என்று என்னை முன்வரிசையில் ஒரு மெத்தை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். இளையவர்கள் மூத்தவர்களுக்கு வெற்றிலைக் கட்டுக் கொடுத்து முழந்தாளிட்டு வணங்குகிற நேரம் வந்தது. நிலூகா ஒருகாலத்தில் என் கீழ் வேலை பார்த்தவள், அதனால் முதலில் என்னிடம்தான் வந்தாள். அவள் குனிவதற்குள் நான் தட்டிலிருந்து ஒரு வெற்றிலைக் கட்டை எடுத்துக்கொண்டு, நாற்காலியிலிருந்து இறங்கி, மண்டியிட்டு, அவள் கையில் கொடுத்தேன். மண்டபமே திகைத்தது. மானேஜர் பையன் "ஐயோ, ஆன்ட்டி விழுந்துட்டாங்க, தண்ணி கொண்டாங்க" என்று கத்துகிறான். ஒருத்தி செவ்விளநீரை என் வாயில் ஊற்ற வருகிறாள், இன்னொருத்தி விசிறுகிறாள். நிலூகாவுக்கு மட்டும்தான் புரிந்தது, அழுதுகொண்டே "எழும்புங்க மிஸ், எனக்குப் பாவம் சேரும் மிஸ்" என்கிறாள். துணைக்கு வந்த உன் அத்தையோ ஒரு கையில் கேக்குத் துண்டோடு ஓடிவந்து, "அண்ணி, முறை மறந்து போச்சா? மூத்தவங்க போய்ச் சின்னவளுக்கு வெத்திலை கொடுக்கிறதா?" என்று எல்லார் காதிலும் விழக் கேட்டாள். என்னைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது உண்மை. அதற்கு முழங்கால்தான் காரணம்.

திரும்பி வரும்போது வேனில்தான் உன் சங்கதியே எனக்குத் தெரிந்தது. பெற்றவளுக்குத் தெரியாத செய்தி அத்தைக்குத் தெரிந்திருக்கிறது! என்னைக் குத்திக் காட்டவே சொன்னாள்: "மானம்னா உங்க மக கிட்டக் கத்துக்கணும் அண்ணி. பாலப் பிரிவுக்கே தலைவியாப் போடுறாங்க, ஆனா ஒரு வருஷம் யாரோ ஒரு சின்னப் பொண்ணு கிட்ட ஆலோசனை கேட்கணுமாம். இவ வேலையே வேண்டாம்னு எழுதிட்டா. நம்ம வீட்டுப் பொண்ணுக்கு எவ பாடம் சொல்றது?" உன் அத்தை வாழ்நாளில் யாருக்குக் கீழும் வேலை செய்தவளல்ல. அவள் புருஷன் லூசியன் மாமா பாவம் அவளுக்குக் கீழ் வேலை செய்தார், அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த உத்தியோகம். அவள் கைதட்டினால் நீ எழுந்து ஆடுவாயா? நேற்று உன்னிடம் கேட்டபோது ஆலோசனை சொல்லப் போகிற அந்தப் பெண்ணுக்கு முப்பத்தொன்பது வயது என்றும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் என்றும், ராஜினாமா கடிதம் இன்னும் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது, முப்பதாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னாய். அதோடு விட்டாயா? "நான் யார் கையையும் பிடிச்சு மேல வரலம்மா" என்றாய். எனக்கு ரத்தம் கொதித்து உன்மேல் கத்திவிட்டேன்.

யார் கையையும் பிடிக்கவில்லையா? 2002-இல் நீ எழுதிய கடிதங்கள் என் அலமாரியில் இருக்கின்றன, நேற்று எடுத்துப் படித்தேன். ஸ்தாவ்ரோஸ் என்ற அந்தக் கிரேக்கர் தன் காரில் உன்னை ஒவ்வொரு பாலத்துக்கும் கூட்டிப்போய், அடியில் படுக்க வைத்து, விரிசலை விரலால் தடவிப் பார்க்கச் சொன்னதை நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். அவர் இல்லாவிட்டால் முதல் மாதமே ஊர் திரும்பியிருப்பேன் என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறாய். அந்தக் கை என்ன ஆயிற்று? அவர் ஓய்வு பெற்ற பிறகு ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்தாவது அனுப்பினாயா? வேலைக்குச் சேரும்போது மட்டும்தான் ஆள் வேண்டும், நாற்பத்தேழு வயதில் வேண்டாம் என்று எந்த மடையன் சொன்னான்? இருபத்திரண்டு வயதில் எனக்கு மேலதிகாரியாக யான்ஸ் துரை இருந்தார், ஒரு கோடு தடித்தால் வரைபடத்தைப் பேசாமல் திருப்பி என் மேசையில் வைத்துவிடுவார். முப்பத்தைந்தில் வரைபடப் பிரிவுக்குத் தலைவியானபோது, பதினேழு ஆண்களைக் குரல் உயர்த்தாமல் வேலை வாங்குவது எப்படி என்று கணக்குப் பிரிவில் இருந்த ஒரு கிழவிதான் சொல்லித் தந்தாள். ஒவ்வொரு படியிலும் நாம் மறுபடியும் ஒன்றும் தெரியாதவர்கள்தான்.

இனி எழுதப் போவதை உன் அப்பாவைத் தவிர நம் வீட்டில் யாரும் அறியார். 1995-இல் ஆபீசுக்குக் கணினி வந்தது, உனக்கு அப்போது பதினேழு. மூன்று மாதத்தில் பழக வேண்டும், இல்லாவிட்டால் பழைய வரைபடங்கள் அடுக்குகிற அறைக்குப் போக வேண்டும் என்றார்கள். நேற்று வந்த நிலூகா, இருபத்தைந்து வயசு, எனக்குச் சொல்லித் தருவாளாம். முடியாது என்றேன். நானே ஏதோ தட்டித் தடவிச் செய்தேன். குருநாகலில் ஒரு பாடசாலை மண்டபம் கட்டிக்கொண்டிருந்தோம். ஒரு உத்திரத்தின் ஆழம் நானூற்றைம்பது என்று இருந்ததைப் பொறியாளர் அறுநூறு மில்லிமீட்டர் ஆக்கச் சொன்னார். நான் என்ன செய்தேன் தெரியுமா? கணினியிலிருந்து வெளியே வந்த தாளில் பிளேடால் பழைய எண்ணைச் சுரண்டி, மசியால் அழகாக அறுநூறு என்று எழுதினேன். இருபத்தைந்து வருடம் அப்படித்தானே திருத்தினேன்! கணினிக்குள் இருந்த படம் அப்படியே பழைய எண்ணோடு இருந்தது. அடுத்த வாரம் சைட்டுக்கு வேண்டுமென்று புதிதாக ஒரு பிரதி எடுத்து அனுப்பினார்கள், அதில் நானூற்றைம்பது. பிள்ளைகள் உட்காரப் போகிற மண்டபம், ஷிரோமி. கம்பி வளைத்து, பலகை அடித்து, மறுநாள் காலை கான்கிரீட் போட இருந்தார்கள்.

நிலூகா இரண்டு தாளையும் ஒன்றாகப் பார்த்துவிட்டு, சைட்டுக்குத் தொலைபேசியில் சொல்லி வேலையை நிறுத்தினாள். பிறகு மானேஜரிடம் போகாமல் என்னிடம் வந்தாள். என் எழுத்தைப் பார்த்துக்கொண்டே, "நீங்க திருத்தினது ரொம்ப அழகா இருக்கு மிஸ். ஆனா இந்த ஒரு தாளுக்கு மட்டும்தான் அது தெரியும்" என்றாள். நானும் அன்று ஒரு ராஜினாமா கடிதம் தட்டச்சு செய்து கைப்பையில் வைத்திருந்தேன். அதைக் கொடுக்காமல், மறுநாளிலிருந்து காலை ஏழு மணிக்கு, மற்றவர்கள் வருமுன், அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "மவுஸைக் கழுத்தை நெரிக்காதீங்க மிஸ், அது எங்கயும் ஓடிடாது" என்று சிரிப்பாள். நான் முறைப்பேன், அப்படியும் விடமாட்டாள். எட்டு மாதம் ஒரு நாள் தவறாமல் வந்தாள், ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. தவறை நானே பொறியாளரிடம் ஒப்புக்கொண்டேன், அதையும் அவள்தான் செய்ய வைத்தாள். பிறகு பதின்மூன்று வருடம் அந்த நாற்காலியில் நான் இருந்தேன் என்றால் அவளால்தான்.

ஆனால் இராச்சாப்பாட்டு மேசையில் உன்னிடம் என்ன சொன்னேன்? மூன்றே வாரத்தில் நானாகவே கற்றுக்கொண்டேன், யாரும் சொல்லித் தரவில்லை என்று சொன்னேன். அப்பா என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்து சாப்பிட்டார். நீ கண் விரியக் கேட்டுக்கொண்டிருந்தாய். உன் பள்ளி மலரில் அதைக் கட்டுரையாகக்கூட எழுதினாய். முப்பது வருடமாக அந்தப் பொய்யை நான் திருத்தவில்லை. நேற்று உன் வாயிலிருந்து அதே வார்த்தை வந்தபோது நான் கத்தியது உன்மேல் வந்த கோபத்தால் மட்டுமல்ல. விருந்தில் நான் மண்டியிட்டது நிலூகாவுக்குப் பட்ட கடன். உனக்குப் பட்டதை இந்தக் கடிதத்தில் தீர்க்கப் பார்க்கிறேன். உன் கையில் பாலங்கள் இருக்கின்றன. உன் திருத்தம் உனக்கு மட்டும் தெரிந்த தாளில் இருந்தால் அந்தப் பாலத்தில் யார் போவார்கள் என்று யோசி.

இந்தக் கடிதத்தை அத்தையின் மருமகன் கையில் கொடுத்தனுப்புகிறேன், ஆறாம் தேதி அங்கே வருகிறான். ஒட்டியிருக்கிறேன், பிரித்திருந்தால் சொல். பத்தொன்பதாம் தேதி அப்பாவின் நினைவு நாள், பூசைக்குப் போக மறக்காதே. கண் பரிசோதனையைத் தள்ளிப் போடாதே. மாப்பிள்ளைக்கும் பிள்ளைக்கும் என் முத்தம். மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், உன் வேலையையும் உன் வாயையும் சேர்த்துக் காக்கட்டும்.

நீ அந்த வேலையை ஏற்றுக்கொள்கிறாயா இல்லையா, எதனால் என்று எனக்குத் தெரிய வேண்டும். தொலைபேசியில் சொல்ல வேண்டாம், அத்தை வழியாகவும் வேண்டாம். தாளில், உன் கையெழுத்தில், முப்பதாம் தேதிக்கு முன் எனக்குப் பதில் எழுது.

உன் அம்மா,
பெர்னடெட் திசேரா