பிரெஞ்சில் சண்டை போடுகிறவள்

ஜூலை 8
எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. மருமகள் ஸ்ரீமதி விருதுநகர் முழுக்கச் சொல்லிவருவது தவறு. கதவைச் சாத்திக்கொண்டு நான் பேசுவது பிரெஞ்சு. கான்வென்டில், கல்யாணத்தால் பாதியில் நின்ற பாடம். செப்டம்பரில் மதுரையில் தேர்வு. ஒரு செய்தியைக் கொடுப்பார்கள். ஒரு கட்சி எடுத்து, தேர்வாளர் இருவரோடு வாதாட வேண்டும். இந்த வீட்டில் வாதாடத் தகுந்த ஆள் இல்லை. அதனால் இரண்டு பக்கமும் நானே பேசுகிறேன்.

ஜூலை 15
மகன் காளீஸ்வரன் காகிதங்களோடு வந்தான். கணவர் இறந்தபின் அச்சங்குளம் பட்டாசு ஆலையின் உரிமம் என் பெயரில். புதுப்பிக்க என் கையெழுத்து வேண்டும். அவனோ அறை அறையாக உள்குத்தகை விட்டிருக்கிறான். நாலு பேர் இருக்கவேண்டிய வெடிமருந்து அறையில் பத்துப் பேர்.

"சீசன் நேரம்மா. போடுங்க."

"ஆளைக் குறைலே. போடுறேன்."

கன்னத்தில் அறைந்தான். மூக்குக் கண்ணாடி உடைந்து புருவம் கிழிந்தது. நான் பெற்றவன்தானா?

ஜூலை 16
பிரெஞ்சு ஆசிரியை சுகிர்தாவுக்கு என் பேத்தி வயது. "முகத்துல என்னம்மா?" என்றாள். "பிரெஞ்சு மூக்கொலி பழகினேன்" என்றேன். சிரிக்கவில்லை.

வேலைநிறுத்த உரிமை பற்றிய பாடம். முதலாளி பக்கம் நான் பேசினேன். தோற்றேன்.

ஜூலை 28
மல்லாங்கிணற்றிலிருந்து பேயோட்டக் கோடாங்கியைக் கூட்டிவந்தார்கள். என் கைகளைப் பின்னால் முறுக்கிப் பிடித்துக்கொண்டவன் என் மகன்.

"யாருடி நீ? எங்கன இருந்து வந்த?" — சாட்டை.

கையை எடு, போலீஸுக்குப் போவேன் என்று பிரெஞ்சில் கத்தினேன். கோபம் வந்தால் இப்போது அதுதான் வருகிறது.

"பாத்தீகளா! இது வடநாட்டுப் பேயி."

"வடநாடு இல்லடா மடையா, பாரிஸ்!"

அதற்கும் ஓர் அடி. ரவிக்கை ரத்தத்தில் முதுகோடு ஒட்டிக்கொண்டது. பாடத்துக்கு வந்த சுகிர்தா தண்ணீரில் நனைத்துப் பிரித்தாள்.

வாசலில் காளீஸ்வரன் ஸ்ரீமதியிடம் சொன்னது காதில் விழுந்தது: "பைத்தியம்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டா லைசென்ஸ் எம் பேருக்கு வந்துரும்." — அப்படியா?

ஆகஸ்ட் 18, ஞாயிறு
மருந்து அறை வெடித்துவிட்டது.

ஆகஸ்ட் 19
ஆறு பேர் செத்துப்போனார்கள். அந்த அறையில் வேலைபார்த்த முத்துப்பேச்சியை அவள் வளையலை வைத்துத்தான் அடையாளம் கண்டார்களாம். கைதான் கிடைத்தது.

அவள் புருஷன் கருப்பணன் வாசலுக்கு வந்தான். "போர்டுல உங்க பேருதானம்மா இருக்கு! அம்புட்டுப் பேரையும் ஒரே அறையில அடைச்சது நீங்கதான!" கல்லை எறிந்தான். நெற்றியில் பட்டது. போலீஸ் கேட்டபோது, படியில் இடித்துக்கொண்டேன் என்றேன்.

பழைய உரிமம் இன்னும் முடியவில்லை. பெயர் என்னுடையதுதான். கையெழுத்து போட மறுத்துவிட்டுச் சும்மா இருந்தேனே, அது எந்தக் கட்சி?

ஆகஸ்ட் 20
இன்ஸ்பெக்டரிடம் காளீஸ்வரன் சொல்கிறான்: "எல்லாம் அம்மா முடிவு சார். ரொம்பத் தெளிவானவுக. இந்த வயசுல பிரெஞ்சு படிக்காக!"

போன மாதம் பேய். இன்று மகா புத்திசாலி.

செப்டம்பர் 14
என்மேலும் வழக்கு. முன்ஜாமீனில் மதுரை போய்த் தேர்வு எழுதினேன். வாய்மொழிக்கு வந்த செய்தி: ஞாயிற்றுக்கிழமை பிரான்சில் கடைகளைத் திறக்கலாமா? முத்துப்பேச்சி ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வந்து செத்தவள். அவளுக்காகப் பேசினேன். தேர்வாளர் குறுக்கிட்டபோது மேசையில் ஓங்கிக் குத்தினேன். மன்னிப்பும் கேட்டேன், பிழையில்லாமல்.

அக்டோபர் 10
தேர்ச்சி.

அக்டோபர் 11
காளீஸ்வரனுக்குப் பதிவுத்தபாலில் அனுப்பியதன் நகல்:

ஆலை என் பெயரில் இருந்தது, ஆள் நெரிசல் எனக்குத் தெரியும், புகார் கொடுக்கவில்லை. என் பங்குக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். உள்குத்தகை விட்டது நீ. அறைந்தது நீ. சாட்டைக்கு என்னைப் பிடித்துக்கொடுத்தது நீ. திங்கட்கிழமை நீதிபதி முன் இதை வாக்குமூலமாகத் தருகிறேன். எனக்குப் புத்தி சரியில்லை என்று உன் வக்கீல் அங்கே சொல்லப்போகிறார் என்று கேள்விப்பட்டேன். இன்ஸ்பெக்டரிடம் நீ சொன்னது நேர்மாறு. இரண்டில் எது உன் கட்சி? நேரில் வராதே. எழுத்தில் பதில் அனுப்பு.

சொர்ணலட்சுமி