சாக்ஸ் தடம்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மகள் கீர்த்தனாவை நினைத்தபடியே உட்கார்ந்திருக்கிறேன். பதினோரு வயதுதான் ஆகிறது அவளுக்கு.

சில நாளாகச் சின்னவன் தருண் எழும்போது கண் இமை வீங்கியிருக்கும், சாயங்காலம் வடிந்துவிடும். தூக்கம் அதிகமென்று நான் விட்டுவிட்டேன். கன்னம் உப்பியதைப் பார்த்து, பிள்ளை சதை போடுகிறான் என்று அவன் அப்பாவுக்குச் சந்தோஷம்.

நேற்று பள்ளிவிட்டு வந்ததும் தம்பியின் சாக்ஸைக் கழற்றிய கீர்த்தனா என்னைக் கூப்பிட்டாள்.

"அம்மா, சாக்ஸ் தடம் போவவே மாட்டேங்குது. அமுக்குனா குழி வுழுது பாரு. ஒண்ணுக்குப் போனா சோப்புத் தண்ணி மாதிரி நுரையா கீது."

"வெயிலுக்கு அப்டித்தான்டி இருக்கும்."

"இல்லம்மா. டாக்டராண்ட இட்டுனு போலாம். நானும் வரேன்."

அவள் பிடிவாதத்தால்தான் இன்று முகப்பேர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சிறுநீரைச் சோதித்த டாக்டர், புரதம் நிறைய வெளியே போகிறது, சிறுநீரகக் கோளாறு என்றார். தருணை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"நல்லவேளை, சீக்கிரம் வந்தீங்க. பெரும்பாலும் மருந்துலயே கட்டுப்படும். ஆனா இந்த நோய் திரும்ப வரலாம், கவனமா இருக்கணும். யாரு கண்டுபிடிச்சது?"

கீர்த்தனாவைக் காட்டினேன். டாக்டர் எழுந்து அவளுக்குக் கை கொடுத்தார். அவளோ, "தம்பி உப்பு சாப்டலாமா சார்?" என்று கேட்டாள். குறைக்கச் சொன்னார்.

ராத்திரி ஊறுகாய் பாட்டிலை அவளே ஸ்டூல் போட்டுப் பரண்மேல் வைத்தாள். ஊறுகாய் இல்லாமல் தயிர்சாதம் தொடமாட்டாள். இன்று தம்பி பக்கத்தில் உட்கார்ந்து வெறும் தயிர்சாதத்தை ருசித்துச் சாப்பிடுவதுபோல் சாப்பிட்டாள். அவனும் ஊறுகாய் கேட்காமல் சாப்பிட்டான்.

பயம் போகவில்லை. ஆனாலும், என் வயிற்றில் பிறந்தவள் அவள் என்பதில் ஒரு பெருமை.