லைசென்ஸ் உள்ள ஒரே ஸ்டோர்

செப். 9, செவ்வாய்

காலையிலிருந்து மலையை மூடிய மஞ்சு. எதிர்ச்சரிவு ஏலத்தோட்டம் பத்து மணிக்குத்தான் கண்ணில் பட்டது. பிறகு தூறல்.

செய்ய வேண்டியவை: கிழிந்த தட்டு வலை. கரண்ட் பில். காயவைக்கும் அறைக்குப் புதுத் தெர்மாமீட்டர். அண்ணனுக்கு இருமல் மருந்து.

போடி ஏலத்திலிருந்து அண்ணன் மாலையில் திரும்பினான். முகத்திலேயே விலை தெரிந்தது. எங்கள் உலர்த்தும் ஸ்டோரில் காயவைத்த ஏலக்காய் முழுக்கக் கடைசி விலைக்குப் போயிருக்கிறது. சாம்பிளைக் கையில் கொட்டிப் பார்த்த வியாபாரி கேட்டாராம்: "இது காயா, இல்ல காமாலையா? ஒரு சொட்டுப் பச்ச இல்லையேப்பா." சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்களாம்.

வளைவு தாண்டி மேலே ராசாங்கத்தின் ஸ்டோர். அவர் காய் கிளிப்பச்சை. எப்போதும் முதல் விலை. கழுவும் தொட்டியிலேயே கலர்ப் பொடியைக் கரைத்துவிடுகிறார்கள். ஊருக்கே தெரியும். அவருடைய ஆட்கள் டீ கிளாஸ் பிடித்தால் விரல் நுனியெல்லாம் பச்சை.

சாப்பிடும்போது அண்ணன்: "நாமளும் ஒரு பொட்டலம் வாங்கிருவமா?"

"வேணாம்."

"ஒனக்கென்ன. எம்.ஏ. படிச்ச புள்ள. வாயால சொல்லிட்டுப் போயிருவ. ஏலத்துல நிக்கிறது நான்."

பதில் இருந்தது. சொல்லவில்லை.

செப். 10, புதன்

சொல்லாத பதில்: போன மாதம் ஜில்லா உணவுப் பாதுகாப்பு ஆபீசுக்கு ஆன்லைனில் புகார் அனுப்பினேன். உடும்பஞ்சோலைப் பக்கம், இந்தச் சாலையில், ஏலக்காய்க்குச் சாயம் ஏற்றுகிறார்கள், வந்து பாருங்கள் என்று. யார் பேரும் எழுதவில்லை. என் பேரும் முகவரியும் கட்டாயம் கேட்டது, கொடுத்தேன். அண்ணனிடம் சொல்லவில்லை. நடந்த பிறகு சொல்லலாம் என்று.

ஸ்டோர் ஆரம்பிக்க அண்ணன் எஸ்டேட் வேலையை விட்டான். வேலையோடு லயத்து வீடும் போனது. இப்போது வீடு என்பது உலர்த்தும் அறைக்குப் பின்னால் இந்த ஓர் அறை. அடுப்பு எரிந்தால் சுவர் வெதுவெதுப்பு. அடுப்பு அணைந்தால் நாங்கள் எங்கே?

மதியம் முத்தையா மாமா வந்தார். கீழ்ச்சரிவில் இரண்டு ஏக்கர். ஆரம்பத்திலிருந்து எங்களிடம்தான் கூலிக்குக் காயவைத்து, எங்கள் மூலமே ஏலத்தில் விற்கிறார். ஏழு மூட்டைப் பச்சைக்காய்.

"தாயி, நீ கலரு போட வேணாம். நல்ல விசயம். ஆனா வெல மட்டும் கலரு போட்ட வெலையா வாங்கிக் குடுத்துரு."

"அது எப்பிடி மாமா?"

"அதுக்குத்தானே ஒன்னயப் படிக்க வச்சது!"

சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் போன பிறகு எரிச்சல் வந்தது. அவர்மேல் இல்லை.

செப். 12, வெள்ளி

வந்துவிட்டார்கள். காலை டீ ஆறுவதற்குள் ஜீப். மலையாளி உணவு ஆபீசர் ஒருவர், உதவியாளர் ஒருவர், டிரைவர். மனதுக்குள் துள்ளல். கேட்டைத் திறந்துவிட ஓடினேன். எங்கள் கேட்டைத்தான்.

மேலே இன்னொரு ஸ்டோர் இருக்கிறது என்றேன். கையை நீட்டியும் காட்டினேன். அந்த ஸ்டோரின் சிம்னிப் புகை மஞ்சுக்கு மேல் தெளிவாகத் தெரிந்தது.

"மோளே, லிஸ்ட்டுல இந்த ரோட்டுக்கு ஒரு ஸ்டோர்தான் உண்டு. லைசென்ஸ் எடுத்தது நிங்கள் மாத்திரம்."

"அவங்க லைசென்சே எடுக்கலியே சார். அதுவே தப்புதானே?"

"அது வேற செக்ஷன். அவரு வரும்." எந்த அவர், எப்போது, தெரியாது.

முத்தையா மாமாவின் காயிலிருந்து சாம்பிள். நாலு பொட்டலம், நூல், அரக்கு, கையெழுத்து. நல்ல மனிதர். அரக்கு கையில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். டீயும் குடித்தார். சாய் நன்றாக இருக்கிறது என்றார்.

பிறகு: பராதி, அதாவது புகார், வந்த இடம் என்பதால் மிச்சக் காயை ரிசல்ட் வரும்வரை நகர்த்தக் கூடாது. மூட்டைகளுக்கும் சீல்.

"பராதியா? எவன் எங்க மேல பராதி குடுத்தது?" என்றான் அண்ணன்.

ஆபீசர் கண்ணாடியை ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இந்தக் குட்டிதானே எழுதியது? அட்ரஸ் இதுதானே உள்ளது?"

ஜீப் வந்த வழியே இறங்கிப் போனது. மேலே ஏறவில்லை.

அண்ணன் கத்துவான் என்று நினைத்தேன். சீல் வைத்த மூட்டைமேல் உட்கார்ந்தான். உடனே எழுந்தான், உட்காரலாமா கூடாதா என்று தெரியாதவன் மாதிரி.

செப். 13, சனி

அண்ணன் பேசவில்லை.

முத்தையா மாமா பேசினார். வாசலில் நின்று, சாலைக்குக் கேட்க.

"ஊரான் திருடன்னு போலீசக் கூட்டியாந்து எங்கூட்டக் காட்டி விட்டிருக்க தாயி. நல்லா இருக்கு."

"காய்ல ஒண்ணுமில்ல மாமா. ரிசல்ட்டு வந்திரும்."

"எனக்குத் தெரியாதா ஒண்ணுமில்லன்னு? ஒண்ணுமில்லாததத்தானே நீங்க விக்கிறீக!"

அடுத்த பறிப்புக் காயை மேலே கொண்டுபோகப் போகிறாராம். எங்களிடம் காயவைக்கும் இன்னும் இரண்டு பேர் சாலையில் நின்று கேட்டுத் தலையாட்டினார்கள்.

எம்.ஏ. பொருளாதாரத் தேர்வில் எழுதிய விடை ஞாபகம் வருகிறது. நிறைவுப் போட்டியின் இலக்கணம்: எண்ணற்ற விற்பனையாளர்கள், ஒரே தன்மையுள்ள பொருள், அனைவருக்கும் முழுத் தகவல். எங்கள் சாலையில் முழுத் தகவல் உண்டு. சாயம் என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியும், டீக்கடைக்காரருக்குத் தெரியும். தகவல் இருந்தால் சந்தை திருந்தும் என்று எழுதி மதிப்பெண் வாங்கினேன்.

செப். 16, செவ்வாய்

மழை. ஆபீசுக்கு போன். மூன்றாம் முறை எடுத்தார்கள்.

மேலே உள்ள ஸ்டோர் பேர், வழி, சிம்னியின் நிறம் வரை சொன்னேன். ஆபீசர் பொறுமையாகக் கேட்டார். அவருடைய பொறுமைதான் தாங்க முடியவில்லை. கம்ப்யூட்டரில் சாம்பிள் பதிய லைசென்ஸ் நம்பர் கேட்குமாம். நம்பர் இல்லாத ஸ்டோருக்கு முதலில் நோட்டீஸ். அதற்கு வேறு பைல். அந்தப் பைலைப் பார்ப்பவர் லீவில். இந்த மாதம் இந்தப் பக்கத்தில் எடுக்க வேண்டிய சாம்பிள் எங்களோடு முடிந்தது.

"அப்ப லைசென்ஸ் எடுக்காம இருந்திருந்தா எங்ககிட்டயும் வந்திருக்க மாட்டீங்க. அப்பிடித்தானே சார்?"

உண்மையான வருத்தத்தோடு: "அங்ஙனெ பறயான் பாடில்ல மோளே." அப்படிச் சொல்லக் கூடாதாம். நான் கேட்டது தப்பு என்று அவரும் சொல்லவில்லை.

செப். 20, சனி

அடுப்பு எரிந்து ஐந்தாறு நாள். சுவர் சில்லென்று இருக்கிறது. துணி காயவில்லை. போர்வையில் பூஞ்சை வாடை.

வந்த காய்: இல்லை.
வந்த ஆட்கள்: கேபிள் டி.வி.க்காரர். குளவி ஒன்று.

அண்ணன் இன்று பேசினான். "லைசென்ச திருப்பிக் குடுத்துருவோம். போர்டக் கழட்டுவோம். அவிங்கள மாதிரி நாமளும் இருந்துட்டுப் போவோம்."

"கலரும் போடணுமா?"

"கலரப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல."

சொல்லாமலே சொன்னான். அவன் அதைச் சொன்னது அவனுக்கும் கேட்டது. வெளியே போய் விறகை அடுக்கினான், அடுக்கியிருந்த விறகையே.

நான் எதற்காகப் புகார் எழுதினேன்? நேர்மைக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். ராசாங்கத்தின் ஸ்டோரைப் பூட்டினால் எங்களிடம் காய் வரும் என்பதும் இருந்தது. எது அதிகம்? பிரித்துப் பார்க்க முடியவில்லை. சாயம் ஏற்றிய காயைத் தண்ணீரில் போட்டால் சாயம் பிரிந்துவிடும். இது பிரியவில்லை.

செப். 26, வெள்ளி

ரிசல்ட் வந்தது. செயற்கை நிறம் இல்லை. தரம் சரி. போனில் வாசித்து, பிரின்ட் எடுத்து, அண்ணனிடம் நீட்டினேன்.

"பிரேம் போட்டு மாட்டு," என்றான்.

சீல் உடைத்தோம். முத்தையா மாமா ஒரு கைப்பிடி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். மழைக்காலத்தில் இத்தனை நாள் மூட்டைக்குள். நிறம் இன்னும் இறங்கியிருந்தது. வைக்கோல் மாதிரி.

"சுத்தமான காயின்னு சர்க்காரே சொல்லிருச்சு," என்றார். "இனி சர்க்காரே வாங்கிக்கிட்டா நல்லாருக்கும்."

இந்த முறை சிரிக்கவில்லை அவர். மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனார். காயவைத்த கூலியைக் கேட்க எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை.

லைசென்ஸ் ரத்துக்கு மனு எழுதி வைத்தேன். திங்கட்கிழமை கொண்டுபோக வேண்டும்.

செப். 28, ஞாயிறு

சர்ச்சில் பூசைக்குப் போய் வந்தபோது வாசலில் ராசாங்கம். வெள்ளை வேட்டி, குடை, கையில் பிஸ்கட் பாக்கெட். அண்ணன் நாற்காலி போட்டிருந்தான்.

"வா பாப்பா. லைசென்ச விடப் போறீகளாமே? தம்பி சொல்லுச்சு. அந்தத் தப்ப மட்டும் செய்யாதீக."

சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துத் தயாராக நின்றேன். அவர் டீயை ஊதிக் குடித்தார்.

"ஜீப்பு வருது. லிஸ்ட்டுல ஒரு ஸ்டோரு. இங்கன வருது, சாம்பிளு எடுக்குது, எறங்கிப் போகுது. இந்த ரோட்டுல வேல முடிஞ்சது. நீங்க லைசென்ச விட்டீகன்னா லிஸ்ட்டுல ஆளே இருக்காது. அப்ப அவக என்ன செய்வாக? ஆளத் தேடி மேல ஏறுவாக."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை.

"ஒங்க ஸ்டோரு மூடக் கூடாது. நான் வாராவாரம் காயி அனுப்புறேன். கூலி மார்க்கெட்டுக் கூலி. அடுப்பு எரிஞ்சாப் போதும்."

"நாங்க கலர் போட மாட்டோம்," என்றேன். அதுதான் என்னிடம் மிச்சமிருந்தது.

"அய்யோ, போட்டுறாதம்மா!" பதறிவிட்டார், நிஜமாகவே. "நீ சுத்தமா இருந்தாத்தான் எனக்கு நல்லது. சாம்பிளு ஒருவாட்டி தப்பாப் போச்சுன்னா மலை பூராம் வருவாய்ங்க."

போகும்போது பிஸ்கட்டைத் திண்டில் வைத்துவிட்டுப் போனார். எறும்பு.

செப். 29, திங்கள்

மனுவைக் கொண்டுபோகவில்லை. காலை உணவு முடியும் முன்பே ராசாங்கத்தின் பிக்கப். ஆறு மூட்டை. பிரித்துப் பார்த்தேன். நல்ல காய், பருவத்தில் பறித்தது.

காய் யாரிடமிருந்து வந்தது என்று ரெஜிஸ்டரில் பதிய வேண்டும். லைசென்ஸ் விதி. ஆபீசர் வந்தால் அதைப் பார்ப்பார். ஒரு பேரைப் பதிந்தால் அந்தப் பேரைத் தேடிப் போக அவருக்கு ஒரு வழி கிடைக்கும். நேற்றிரவு படுத்துக்கொண்டு யோசித்தது இது. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"ராசாங்கம்னு எழுதிக்கிறேன்," என்றேன்.

டிரைவர் தலையைச் சொறிந்தான். "இல்லக்கா. மொதலாளி முத்தையான்னு எழுதச் சொன்னாரு. அவருட்ட பேசிட்டாராம்."

"காயி முத்தையா மாமாவுதா?"

"அது எனக்கெப்பிடிக்கா தெரியும்?"

"ராசாங்கம்னு எழுதினாத்தான் எறக்குவேன்."

போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். அந்தப் பக்கம் சிரிப்பு, கோபம் துளியும் இல்லாமல்.

"எழுதிக்க பாப்பா. தாராளமா எழுதிக்க. அடுத்த மாசம் அந்த ஆபீசரு எங்கிட்ட வந்துருவாரு. வந்துட்டாருன்னா நான் எதுக்கு ஒங்களுக்கு மூட்ட அனுப்பப் போறேன்?"

தூறல் போட்டது. சாக்கின் மேல் புள்ளி புள்ளியாக ஈரம். பச்சைக்காய் நனைந்தால் கறுக்கும்.

"ஸ்டெல்லா," என்றான் அண்ணன். இரண்டு வாரத்துக்குப் பிறகு என் பேர் அவன் வாயில்.

முத்தையா. ஆறு மூட்டை. எழுதிவிட்டு நிமிர்ந்தபோது அண்ணன் முதல் மூட்டையைத் தோளில் ஏற்றியிருந்தான்.