கறுப்பாகிப்போன வரிகள்

மார்ச் 3, திங்கள்

ஸ்டைல் ஷீட் இன்று ஏறிவிட்டது. எங்கள் ஆன்லைன் பாடங்கள் எல்லாவற்றுக்கும் தலைப்பு எவ்வளவு பெரிது, எழுத்து என்ன நிறம் என்று இனி அந்த ஒரே கோப்புதான் சொல்லும். இதுவரை ஆசிரியர்கள் ஆளுக்கொரு விதமாகப் பூசி மெழுகி வைத்திருந்தார்கள். ஊதாத் தலைப்பு, பச்சைப் பத்தி, கண்றாவி! கையால் பூசிய நிறம் எதுவும் செல்லாது, எழுத்து எல்லாம் கறுப்புதான் என்று ஒரு வரி எழுதினேன். வாலைச் சுருட்டிக்கொண்டு அடங்கிவிட்டன.

"இப்பதாம்மா கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு" என்றார் மேலாளர். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

என் வீட்டுக்காரருக்கு வேலை கிடைத்துவிட்டது! ஆஸ்பத்திரியில் துப்புரவுப் பிரிவு, வியாழன் முதல். ஆலை மூடியதிலிருந்து சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்த மனுஷன். எங்கள் துப்புரவுப் பாடத்தைத்தான் போனில் படித்துக்கொண்டிருந்தார். "பக்கமும் பொண்டாட்டி பேச்சு மாதிரியே, முடியவே மாட்டேங்குது" என்று கிண்டல் வேறு. கொழுப்பு.

மார்ச் 6, வியாழன்

ஆஸ்பத்திரி வரவேற்பறை. எழுதாமல் இருந்தால் கத்திவிடுவேன்.

காலையில் அவர் கிளம்பிப்போன பிறகு, அலுவலகத்தில் அவருடைய பாடத்தைச் சும்மா திறந்து பார்த்தேன். ஆசிரியர் மேலே எழுதியிருக்கிறார்: 'சிவப்பில் உள்ளதை ஒருபோதும் செய்யக் கூடாது.' கீழே சிவப்பே இல்லை. எல்லாம் கறுப்பு. தரையை முதலில் வெறும் தண்ணீரால் கழுவுதல் – அதற்கு அடுத்த வரி, கறை போக ப்ளீச்சில் ஆசிட்டைக் கலந்து ஊற்றுதல். அந்த வரி முன்பு சிவப்பில் இருந்தது. கலந்தால் விஷ வாயு. கழிப்பறை மாதிரி மூடிய இடத்தில்...

என் ஒரு வரி. நான்தான். நானேதான்.

ஸ்டைல் ஷீட்டிலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டு, மேலாளரிடம் சொல்லிவிட்டு ஓடி வந்தேன். வீட்டுக்காரர் போன் அணைந்திருக்கிறது. வேலை நேரத்தில் போனைப் பெட்டியில் வைத்துவிட வேண்டுமாம். "அவர் கீழ்த்தளத்துல இருக்கார்மா, ஆள் அனுப்பியிருக்கேன், உட்காருங்க" என்கிறாள் வரவேற்பறைப் பெண். எப்படி உட்கார்வது? யாரோ இருமுகிறார்கள். அவரா? இல்லை. கடவுளே, அவருக்கு ஒன்றும் ஆகக் கூடாது. ஒன்றும் ஆகக் கூடாது.

மார்ச் 7, வெள்ளி

நேற்று கொஞ்ச நேரத்திலேயே வந்தார். முழங்கால் வரை நனைந்த பேண்ட்டோடு, "ஏய், நீ எங்க இங்க?" என்று சிரித்துக்கொண்டே வந்தார். காவலாளி பார்க்கப் பார்க்க இவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

விஷயத்தைச் சொன்னதும், "அட, அந்தப் பக்கமா? அது எனக்கு என்னிக்கும் புரிஞ்சதில்ல. எதைச் செய்யணும், எதைச் செய்யக் கூடாதுன்னு வாத்தியாருக்கு போன் போட்டு ஒவ்வொண்ணா கேட்டுக்கிட்டேன்" என்றார்.

"எப்ப?"

"போன மாசம்."

போன மாதம் சிவப்பு இருந்ததே! அதை வீட்டுக்கு வந்த பிறகு கேட்டேன். குடித்துக்கொண்டிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"எனக்குச் சிவப்பும் கறுப்பும் ஒண்ணாத்தான் தெரியும். சொன்னா நீ சிரிப்பியோன்னு..."

இத்தனை வருஷம் அவருடைய நிறம் பொருந்தாத சட்டை பேண்ட்டைப் பார்த்து, "உங்களுக்குக் கண்ணு தெரியுதா?" என்று நான் சிரித்தது போதாதா? பாவி நான்.

மார்ச் 11, செவ்வாய்

ஸ்டைல் ஷீட்டைத் திருத்திவிட்டேன். ஆபத்தான வரிக்குத் தடித்த கட்டம், உள்ளே 'செய்யாதீர்கள்' என்ற சொல். நிறம் போனாலும் அது நிற்கும். அவரிடம் காட்டினேன். "இப்ப எனக்கே புரியுது" என்றார்.

ஆனால் நிம்மதி இல்லை. சிவப்பு இருந்த காலத்திலும் அது தெரியாதவர்கள் படித்திருப்பார்களே?

மார்ச் 12, புதன்

வாத்தியாரைக் கேட்டேன். "இவரை மாதிரி வேற யாராவது போன் பண்ணிக் கேட்டாங்களா சார்?"

"இல்லம்மா. உன் வீட்டுக்காரர் ஒருத்தர்தான்."

மற்றவர்களுக்கெல்லாம் சிவப்பு தெரிந்ததா? இல்லை, கேட்க வெட்கமா?

மார்ச் 14, வெள்ளி

இந்தப் பாடத்தை முடித்து வேலைக்குப் போனவர்களைக் கூப்பிட்டுப் பேச மேலாளர் ஒப்புக்கொண்டார். மதியம் உட்கார்ந்தேன். முதல் எண். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. திரும்பவும் போட்டேன்.