கையில் கொடுத்த உப்பு

ஆவணி 10, செவ்வாய்

விடியும்போதே சாரல். பொதிகைப் பக்கம் மேகம். ஆற்றில் தண்ணீர் கலங்கல்.

தின்றதை எல்லாம் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். எனக்கு எழுத்துத் தெரியாது. எனக்குச் சமைத்துப் போட வந்திருக்கிற மகள் செல்வி போனில் வழி காட்டித் தந்தாள். பொத்தானை அமுக்கிப் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. தான் படிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள். பார்ப்போம்.

காலை: முட்டை, கீரை.
மதியம்: கெண்டை மீன் குழம்பு, வெண்டைக்காய். சோறு இல்லை.
ராத்திரி: மோர், கொஞ்சம் கடலை.

சோறு, இட்லி, வாழைப்பழம் விலக்கு. வாழைத்தார் சுமந்தே காய்த்துப்போன தோள் இது. இப்போது ஒரு பழத்துக்கு அனுமதி இல்லை.

சர்க்கரை இறங்கினால்தான் இடது கண்ணுக்கு ஆப்பரேசன். வலது கண் போன வருசமே போய்விட்டது. இருக்கிற ஒன்றில் ஆற்றுக்கு அக்கரை புகை மாதிரி.

உப்பும் கால்வாசிதான். பிரஷர் மாத்திரை தின்கிறவருக்கு உப்பு ஆகாது என்று எங்கேயோ கேட்டதைச் செல்வி பிடித்துக்கொண்டாள். குழம்பில் புளி தெரிகிறது, மிளகாய் தெரிகிறது. உப்பைத் தேட வேண்டியிருக்கிறது.

எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. செல்வியிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே சோற்றைப் போட்டு முன்னால் வைத்துவிடுவாள். அப்புறம் கண்?

ஆவணி 11, புதன்

வெயில். காலில் பலமே இல்லை.

"எப்பா, ஏன் சுவரப் புடிச்சிக்கிட்டு நடக்கீய?"

"சுவரு விழுந்துரக் கூடாதுல்லா."

சிரித்துவிட்டாள். இன்றைக்குத் தப்பித்தேன்.

படித்துறையில் வழக்கம்போல் சம்பந்தி. செல்வியின் மாமனார். வீடு அடுத்த தெருவில். தினமும் ஒரே துறைக்குத்தான் வருகிறோம். அவருக்கு மேல் படி, எனக்குக் கீழ்ப் படி. பேச்சு கிடையாது. செல்வி கல்யாணத்தன்று அவர் வீட்டுப் பந்தியில், சாம்பாரில் உப்பு இல்லை என்று சொன்னேன். ஊர் கூடியிருக்கும்போது பெண்ணைப் பெற்றவன் அப்படிச் சொல்லலாமா என்பது அவர் வழக்கு. உப்பு இருந்ததா இல்லையா என்பது என் வழக்கு. இலை ஓரத்து உப்பை எடுத்துப் போட்டுப் பிசைந்தவர்கள் யார் யார், எந்த வரிசையில் இருந்தார்கள் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லுவேன்.

முட்டை. கீரை. மறுபடியும் முட்டை.

ஆவணி 12, வியாழன்

குளித்துவிட்டுப் படி ஏறினேன். பாதியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. யாரோ அக்குளில் கை கொடுத்து உட்கார வைத்தார். குரலை வைத்துத்தான் ஆள் தெரிந்தது.

"இரியும் வே. எழும்பாதேயும்."

சம்பந்தி.

"காலையில என்ன தின்னீரு?"

"முட்டை."

"சோறு?"

"விட்டாச்சு."

"உப்பு?"

"கால்வாசி."

"அப்புறம் என்னத்த வச்சுவே உசிரோட இருக்கீரு?"

பல் விளக்க அவர் ஒரு பொட்டலம் கொண்டுவருவார். உமிக்கரியும் கல்லுப்பும். அதிலிருந்து நாலைந்து கல்லைப் பொறுக்கினார். துண்டில் கரியைத் துடைத்துவிட்டு என் கையில் வைக்க வந்தார். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"உப்பக் கையில குடுக்காதேயும். சண்டை வரும்."

"இனிமே புதுசா எங்கன இருந்துவே வரும்? இருக்கது போதாதா? கையை நீட்டும்."

நீட்டினேன். வாயில் போட்டேன். பாதி கரி, பாதி உப்பு. இத்தனை நாளும் நாக்கு எதைத் தேடியது என்று அப்போது தெரிந்தது.

"செல்விகிட்ட சொல்லிராதேயும்."

"சொல்லுவேன். எம் மருமவளும்தானவே அவ."

பைய நடத்தி வாசல் வரை கொண்டுவந்து விட்டார். சொல்லியும்விட்டார். உள்ளே வரவில்லை.

செல்வி அழுதாள். "கண்ணு போனா கண்ணுதாம்ப்பா. நீங்க போனா?"



ஆவணி 13, வெள்ளி

டாக்டர். செல்வியும் கூட வந்தாள். சம்பந்தியும் வந்தார். யாரும் கூப்பிடவில்லை.

படுக்க வைத்து ஒரு தடவை, நிற்க வைத்து ஒரு தடவை பிரஷர் பார்த்தார்கள். நின்றதும் இறங்குகிறதாம்.

"சோற நிறுத்துனா ஒடம்புல இருந்து தண்ணியும் உப்பும் சேந்து போகும் பெரியவரே. மாத்திரை பழைய அளவு, உப்பு கால்வாசி. தலை சுத்தாம என்ன செய்யும்? மொதநாளே சொல்ல வேண்டாமா?"

மாத்திரையைக் குறைத்துத் தந்தார். குழம்பில் எல்லாருக்கும் போடுகிற அளவு உப்பு. மோரில் ஒரு சிட்டிகை. அதற்கு மேல் நாமாகக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஊறுகாய், கருவாடு, அப்பளம் கூடாது. ஊரே அப்பளம் போடுகிற கல்லிடைக்குறிச்சியில் இருந்துகொண்டு எனக்கு இல்லை!

"உப்புக் கல்ல வாயில போடுறது வைத்தியம் இல்ல" என்றார். சம்பந்தி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சர்க்கரை இறங்கியிருக்கிறது. இப்படியே போனால் கண்ணுக்குத் தேதி வாங்கலாம் என்றார். தலைசுற்றல் நிற்கும் வரை தனியாக ஆற்றுக்குப் போகக் கூடாது.

ஆவணி 15, ஞாயிறு

காற்று. மழை இல்லை. எழுந்து நின்றேன், சுற்றவில்லை. மறுபடி உட்கார்ந்து எழுந்தேன். இல்லை.

வாசலில் செருமல். சம்பந்தி, தோளில் துண்டு. "வாரும். தனியாப் போகக் கூடாதுன்னு சொல்லிருக்கு." ஆற்றில் ரெண்டு பேரும் ஒரே படியில்.

திரும்பி வந்ததும் செல்வி விடவில்லை. "மாமா, இன்னிக்கு இங்கனதான் சாப்பாடு." கல்யாணத்துக்குப் பிறகு இந்த வீட்டில் அவருக்கு இலை போட்டது இன்றைக்குத்தான். பக்கத்தில் நான். எதிரே மருமகன். அவர்கள் இலையில் சோறு, என் இலையில் கீரையும் மீனும்.

சம்பந்தி ஒரு வாய் வைத்தார். மென்றார். என்னைப் பார்த்தார். பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி:

"சம்பந்தி, உம்ம வீட்டுக் குழம்புல உப்பு இல்லையேவே!"

மருமகன் சிரிப்பை அடக்க இலைக்குள் குனிந்துகொண்டான். நான் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். இல்லைதான். "ஐயோ, கொறச்சுப் போட்டே கை பழகிப்போச்சு மாமா" என்று செல்வி எழுந்தாள்.

உப்பு மரவைக் கிண்ணம் என் பக்கத்திலேயே இருந்தது. நாலு கல் எடுத்தேன். இலையில் வைக்கவில்லை.

"கையை நீட்டும்" என்றேன்.